சாராள் அக்காவுக்குத் தண்ணீர் கொடுத்தது யார்

நம் சபையில் சாராள் அக்காவுக்கு ஒரு நினைவுக் கல் வைப்பதென்று தீர்மானமானதும், கல்லில் என்ன எழுதலாம் என்று கேட்க பாஸ்டர் ஐயா எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அக்கா இறந்தபோது மிஷனரி சங்கத்திலிருந்து வந்த கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். "வருசநாட்டு ஊழியத்தில், விசுவாசிகள் சூழ்ந்திருக்க, சமாதானமாய்க் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்று அதில் இருந்தது. ஐயா அந்த வரியை அப்படியே தாளில் குறித்துக்கொண்டார்கள்.

கட்டிலில் படுத்திருந்த அம்மா தலையைத் தூக்கினார்கள். "சூழ்ந்து நின்னாவன்னா, கடைசில தண்ணி குடுத்தது யாரு? அந்தப் பேரையும் கேட்டு எழுதுங்க ஐயா."

ஐயாவுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியாது. பன்னிரண்டு வருடமாக அம்மா இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். காது கேட்காததுபோல் நான் கடைக்குப் போய்விடுவேன். இந்த முறை ஐயாவுக்கு முன்னால் கேட்டுவிட்டார்கள். மறுநாளே மளிகைக் கடையைச் சம்சாரத்திடம் விட்டுவிட்டுப் புறப்பட்டேன்.

அக்காவை அறியாத இளம் பிள்ளைகளும் சபையில் இருப்பதால் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். சாராள் அக்கா எனக்கு ஆறு வயது மூத்தவள். நர்சுப் படிப்பு முடித்து, மாப்பிள்ளையும் பார்த்து வைத்திருந்த சமயத்தில், நம் ஆலயத்தில் நடந்த மிஷனரிக் கூட்டத்தில் எழுந்து நின்று, "நான் போறேன்" என்றாள். அவ்வளவுதான். நம் ஊர்த் தாய்மார்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டுவைத்து, மாதம் ஒருமுறை விற்றுச் சங்கத்துக்கு அனுப்பினார்கள். அதில்தான் அக்காவுக்குச் சம்பளம். அவளுக்குப் பாட்டு வராது. ஞானப்பாட்டை அவள் எடுத்தால் பக்கத்தில் நிற்பவர்களுக்கும் ராகம் தவறிவிடும். அட்டைப்பூச்சிக்குப் பயந்தவள். அப்படிப்பட்டவள்தான் மலையடிவாரத்தில் ஒன்பது வருடம் பிரசவம் பார்த்தாள், புண் கழுவினாள், வேதம் சொன்னாள்.

முதல் நாள் தேனியில் இறங்கும்போது உச்சி வெயில். பஞ்சுப் பொதி ஏற்றிய வண்டிகளால் தெரு அடைத்துக் கிடந்தது. போடியிலிருந்து வந்த ஏலக்காய் மூட்டையை யாரோ பிரித்திருந்தார்கள். சாக்கடை நாற்றத்துக்கு மேலே அந்த வாசனை மிதந்தது. வரும் வழியெல்லாம் வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. நம் செம்மணல் தேரிக்காட்டில் ஒரு குடம் நல்ல தண்ணீருக்குப் பெண்கள் எவ்வளவு நேரம் காத்து நிற்பார்கள்! இங்கே ஓடுகிற தண்ணீரை ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பஜாரில் பொன்னையா அண்ணாச்சி கடையில் தங்கினேன். அவர் நம் பக்கத்து ஊர்க்காரர், நம் சபை மனிதர்தான். முப்பது வருடமாகத் தேனியில் கருப்பட்டியும் கருவாடும் விற்கிறார். பேச்சும் அந்த ஊர்ப் பேச்சாகிவிட்டது. அவர் சம்சாரம் மொச்சைக் குழம்பும் சோறும் போட்டார்கள். முதல் கவளம் வாயில் இருக்கும்போதே அண்ணாச்சி ஆரம்பித்தார்.

"ஏன் தம்பி, பன்னண்டு வருசங்கழிச்சு இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சாக்கும்?"

"சும்மா இருங்க. சாப்பிடுற பிள்ளைகிட்டப் பேசுற பேச்சா இது?" என்றார்கள் அவர் சம்சாரம்.

"சாப்பிடட்டும். நான் என்ன கையவா புடிச்சேன்?" என்று குழம்பை என் பக்கம் தள்ளி வைத்தார். கொஞ்ச நேரம் கழித்துத் தணிந்த குரலில் சொன்னார். "உங்க அக்கா மாசம் பொறந்தா இங்கன வந்துருவாக. கருப்பட்டி வாங்காமப் போக மாட்டாக. நம்ம ஊரு கருப்பட்டி இல்லாட்டி அவுகளுக்குக் காப்பி எறங்காது. அவுகள அடக்கம் பண்ணுன எடத்துக்கு நான் போனதில்ல தம்பி. அங்கன என்னமோ வேற மாதிரி வச்சிருக்காகன்னு கேள்வி. நீங்களே போய்ப் பாருங்க."

வேறு மாதிரி என்றால் எப்படி என்று கேட்டேன். வாடிக்கையாளர் வந்துவிட்டார் என்று எழுந்து போய்விட்டார்.

இரண்டாம் நாள் வருசநாட்டு பஸ். எனக்குப் பக்கத்தில் ஒரு அம்மா மடியில் கோழிக் கூடையோடு உட்கார்ந்திருந்தார். கோழி என் வேட்டியைக் கொத்திக்கொண்டே வந்தது. கடமலைக்குண்டு தாண்டி டயர் வெடித்தது. பார்த்தால் பஸ்ஸில் ஜாக்கி இல்லை. எதிரே வருகிற லாரியை நிறுத்தி வாங்க வேண்டும் என்றார் டிரைவர். லாரி வருகிற வழியாகத் தெரியவில்லை. எல்லோரும் இறங்கி இலவ மரத்தடியில் உட்கார்ந்தோம். காய் வெடித்துப் பஞ்சு பறந்துவந்து எல்லோர் தலையிலும் ஒட்டியது.

"ஏலே கண்டக்டரு! டிக்கெட்டுல பாதியத் திருப்பிக் குடு, நாங்க நடந்தே போயிக்கிறோம்" என்றார் கோழிக்கூடை அம்மா.

"நீ நட ஆத்தா. நீ போயிட்டா வெயிட்டு கொறஞ்சு பஸ்ஸு தானா எந்திரிச்சிரும்."

எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மாவும் சிரித்துக்கொண்டே அவர்மேல் ஒரு இலவங்காயை வீசினார். என்னால் சிரிக்க முடியவில்லை. இவ்வளவுதான் வழி என்று தெரிந்துவிட்டதே, அதுதான் காரணம். டயர் வெடித்தாலும் ஜாக்கி இல்லாவிட்டாலும் போய்ச் சேர்ந்துவிடுகிற வழி.

அக்கா எனக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தாள். அம்மாவைத் தவிர சபையில் யாருக்கும் இது தெரியாது. "தம்பி, காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது. மாத்திரை தீர்ந்துபோனது. ஒரு நடை வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போ. ஒரு மாதம் அம்மா கையால் சாப்பிட்டால் சரியாகிவிடும்." என் கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் அந்தக் கடிதம் வந்தது. மூன்று ஞாயிறு ஆலயத்தில் ஓலை வாசித்து, யாருக்கும் ஆட்சேபம் உண்டா என்று கேட்டுத்தான் நம்மில் கல்யாணம். ஓலை வாசிக்க ஆரம்பித்துவிட்டால் மாப்பிள்ளை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. வேதத்தில் அப்படி எங்கும் இல்லை. ஆனாலும் நம் வீடுகளில் தாண்ட விடுவதில்லை. அம்மாவிடம் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். "கல்யாணம் முடியட்டும்ல. மூணே வாரம். சாதாரணக் காய்ச்சல்தான" என்றார்கள். எனக்கும் அது சரியென்றே பட்டது. அம்மா தடுத்தார்கள் என்று மட்டும் சொன்னால் பொய்யாகிவிடும். புது வேட்டி, புதுச் சட்டை, மாப்பிள்ளை என்று கூப்பிடுகிற நண்பர்கள். எனக்கும் போக மனமில்லை. கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள், அக்கா இறந்துவிட்டாள் என்று தந்தி வந்தது.

இரவு வருசநாட்டில் தங்கிவிட்டு, மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை காலையில் ஆற்று மணலைக் கடந்து அந்த ஊருக்கு நடந்தேன். ஊரின் பெயரை எழுத மாட்டேன். அந்த மக்களுக்கு அதனால் ஒரு பொல்லாப்பு வரக் கூடாது. வழியில் மொச்சைக் கட்டு சுமந்து வந்த ஒரு பெண், யார் வீட்டுக்கு என்று கேட்டார். நர்சு சாராளின் கல்லறையைப் பார்க்க என்றேன்.

"நர்சம்மா கோயிலுக்கா? அந்தா, ஊருக்கு வெளிய, வேம்புக்கு அந்தப் பக்கம்."

கோயிலா?

போய்ப் பார்த்தேன். சிலுவை இல்லை. சுண்ணாம்பு அடித்த சின்ன மேடை. அதன்மேல் ஒரு கல். கல்லுக்கு மஞ்சள் பூசி, கரை வைத்த வெள்ளைச் சேலை சுற்றியிருந்தது. அக்கா உடுத்துகிற மாதிரிச் சேலை. முன்னால் எரிந்து அணைந்த சூடத்தின் கறுப்பு. ஒரே தேவனை அறிவிக்க வந்தவளையே இப்படி ஆக்கிவிட்டார்களே என்று ஆத்திரம் தாங்காமல் அந்தச் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

அப்போதுதான் ஒரு வயதான அம்மா தூக்குச் சட்டியோடு வந்தார். பெயர் வீராயி என்று பிறகு தெரிந்தது. பின்னாலேயே அவர் வீட்டுக்காரர் மொக்கச்சாமி வந்தார். அந்த ஊர் அம்மன் கோயிலுக்குப் பூசாரி அவர்தான். வீராயி என்னைக் கவனிக்காமல், தூக்குச் சட்டியிலிருந்து ஒரு டம்ளரில் ஊற்றி மேடைமேல் வைத்தார். கருப்பட்டிக் காப்பி. நம் வீட்டு அடுப்படி வாசனை. டம்ளரைத் தட்டிவிட்டேன்.

"ஏலே, ஆரு நீ?" என்று மொக்கச்சாமி கையை ஓங்கினார்.

"நான் அவ தம்பி."

ஓங்கிய கை அப்படியே இறங்கியது. அவர் மேடைக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "வந்துட்டீகளா" என்றார். பிறகு, "கூடப் போலீசு வருதா தம்பி?" என்று கேட்டார்.

போலீசு எதற்கு என்று கேட்டேன். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"மேல மலையில பளியங்குடியில வாந்திபேதி. உங்க அக்கா காய்ச்சலோடதான் மலை ஏறுனாக. பதினஞ்சு நாளு அங்கன கெடந்து பாத்தாக. எறங்கி வாரப்ப இங்கன அம்மன் பொங்கலுக்குக் காப்புக் கட்டி ரெண்டாம் நாளு. காப்புக் கட்டியாச்சுன்னா எட்டு நாளைக்கு வெளிய இருக்கவுக உள்ள வரக் கூடாது, உள்ள இருக்கவுக வேப்பிலைத் தோரணத்தத் தாண்டக் கூடாது. அது எங்கூருக் கட்டு. கட்டுனவன் நான். இந்தா, இந்தக் கையிலதான் காப்பு இருந்துச்சு. அவுகளும் சரின்னுட்டாக. 'மலையில இருந்து வாரேன், ஆரும் கிட்ட வராதீங்க, ஒட்டிக்கிரும்'னு அவுகளே சொல்லிட்டு அந்த மாட்டுக் கொட்டத்துல போய்ப் படுத்தாக. அதையே சாக்கா வச்சுக்கிட்டோம் தம்பி."

வீராயி தொடர்ந்தார். "மொத ரெண்டு நாளு கஞ்சிச் சட்டியக் கவட்டைக் கம்புல மாட்டி நீட்டுனேன். எந்திரிச்சு வந்து வாங்கிக்கிட்டாக. மூணாம் நாளு எந்திரிக்கல. தண்ணி தண்ணின்னாக. கம்பு எட்டல. நான் போறேன்னேன். இந்த மனுசன் விடல. ஊரே விடல. புதுப் பானையில தண்ணி மொண்டு தோரணத்துக்கிட்ட வச்சேன். 'அம்மா, எந்திரிச்சு எடுத்துக்கங்கம்மா'ன்னு கத்துனேன். கையத் தூக்குனாக. அம்புட்டுத்தான். நாலாம் நாளு விடியப் பாத்தா உசுரு இல்ல. பானையில வச்ச தண்ணி வச்சபடி இருந்துச்சு."

மேடைக்குப் பக்கத்தில் அந்தக் கொட்டத்தின் சுவர் இன்னும் பாதி நிற்கிறது. அக்கா எங்கே படுத்திருந்தாள், பானை எங்கே இருந்தது என்று காட்டச் சொன்னேன். எட்டு வைத்து அளந்தேன். ஏழு எட்டு.

"நீங்கள்லாம் மனுசங்கதானா?" என்று கத்தினேன். "உங்க பிள்ளைகள எடுத்த கைதானே அது. ஏழு எட்டு வைக்க மாட்டீங்களா? கொன்னுபோட்டு இப்பச் சூடம் கொளுத்துறீங்களா?"

"அதுக்குத்தான் கொளுத்துறோம்" என்றார் மொக்கச்சாமி. "தாகத்தோட போன பொம்பளைக்கு ஊத்தலேன்னா இந்த மண்ணுல மழை எறங்குமா? சாமின்னா கும்புடுறோம்? பயந்துல்ல கும்புடுறோம்."

வீராயி அழவில்லை. என்னைக் கூர்ந்து பார்த்தார். "ஏன் தம்பி, ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்கக் கூடாது. அப்ப நீங்க எங்கன இருந்தீக? கடுதாசி போட்டிருக்கேன், எந்தம்பி வந்துருவான், எந்தம்பி வந்துருவான்னுதான் கெடந்தாக. நீங்க வருவீகன்னு நானும் பாதையப் பாத்துக்கிட்டே நின்னேன். நீங்க வெளியூரு. தோரணத்துக்கு அந்தப் பக்கமாவே வந்து தூக்கிட்டுப் போயிருக்கலாமே. உங்களுக்கு ஏது தடை?"

பொய் சொல்லவும் வாய் வரவில்லை. கல்யாணத்துக்கு ஓலை வாசித்துக்கொண்டிருந்தார்கள், அந்த மூன்று வாரம் மாப்பிள்ளை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்றேன்.

வீராயி தலையாட்டினார். அதில் குத்தலோ கேலியோ இல்லை. "அப்ப உங்களுக்கும் காப்புக் கட்டியிருந்துச்சாக்கும்" என்றார்.

இழுத்துப்போட்ட சேலையை நானே எடுத்து மடித்து வைத்தேன். கல்லில் திரும்பச் சுற்றவில்லை. அது என்னால் ஆகாது. முழங்காலில் நின்று ஜெபிக்க முயன்றேன். பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே என்று தொடங்கி, "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அதற்குமேல் ஓடவில்லை. அவர்கள் இரண்டு பேரும் கைகட்டி நின்றிருந்தார்கள்.

தூக்குச் சட்டியில் மீதிக் காப்பி இருந்தது. வீராயி டம்ளரை முந்தானையால் துடைத்து ஊற்றி என்னிடம் நீட்டினார். "அவுகளுக்கு வைக்கக் கூடாதுன்னா நீங்க குடிங்க. வெயில்ல நடந்து வந்திருக்கீக." படைக்கக் கொண்டுவந்ததை நம்மவர்கள் தொடுவதில்லை. நான் குடித்தேன். சபையார் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

நான்காம் நாள் தேனிக்குத் திரும்பி, அண்ணாச்சியிடம் நேராகவே கேட்டேன். "உங்களுக்கு முன்னமே தெரியும்தானே?"

"வெள்ளிக்கெழமைக்கு முந்தின நாளு தவறாம அந்த ஊரு அம்மா ஒண்ணு வந்து கருப்பட்டி வாங்கிட்டுப் போகும். எதுக்குன்னு நான் கேட்டதில்ல. அதுவும் சொன்னதில்ல" என்றார். தராசைத் துடைத்துக்கொண்டே, "வாரத்துக்கு ஒருத்தராச்சும் அவுகள நெனச்சு வாங்குறாகளேன்னு விட்டுட்டேன்" என்றார்.

திரும்பும் வழியில் வைகை அணை விலக்கில் ஒரு கூட்டம் பஸ்ஸில் ஏறியது. அணையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறவர்கள். தண்ணீர் தளும்பத் தளும்ப நிற்கிறதாம். கடல் மாதிரி இருக்கிறதாம். ஒரு அம்மா பொட்டலத்தைப் பிரித்து எனக்கும் புளிச்சோறு கொடுத்தார். வாங்கிக்கொண்டேன், தின்னாமல் மடியிலேயே வைத்திருந்தேன். அம்மாவிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். வீராயி என்று ஒரு அம்மா தண்ணீர் கொடுத்தார்கள் என்று சொல்லிவிடலாம். பாதி உண்மைதானே. படுத்த படுக்கையாக இருக்கிறவர்களுக்கு அது போதும்.

வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா விழித்துத்தான் இருந்தார்கள்.

"போனியால? யாரு குடுத்தாவளாம்?"

"வச்சாவம்மா. அவ எடுக்கல."

ஒத்திகை பார்த்தது ஒன்றும் வாயில் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். மலையிலிருந்து இறங்கி வந்தது, தோரணம், கவட்டைக் கம்பு, பானை, எந்தம்பி வருவான் என்று சொன்னது, எல்லாம். என் சம்சாரம் அடுப்படியை விட்டு வெளியே வரவே இல்லை.

"பானைய எவ்வளவு தூரத்துல வச்சிருந்தாவ?"

"ஏழு எட்டு."

"ஏழு எட்டு" என்று அம்மா சொல்லிப் பார்த்தார்கள். பிறகு, "நம்ம வீட்டுல இருந்து எவ்வளவு தூரம்ல?" என்றார்கள்.

"காலையில பஸ் ஏறுனா மறுநா போயிரலாம்மா."

"ஒரு நா வழி." சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள். "ஏழு எட்டு வைக்காதவங்கள நான் என்னன்னு கேக்க? ஒரு நா வழிய நாந்தான மறிச்சேன்."

நானும்தானம்மா என்றேன். கேட்டதா என்று தெரியவில்லை.

மறுவாரம் பாஸ்டர் ஐயா வந்தபோது, கல்லில் சூழ்ந்திருக்க என்று போட வேண்டாம் என்று அம்மா சொன்னார்கள். "காய்ச்சலில் தனியாய் மரித்தாள்னு போடுங்க ஐயா."

ஐயா சங்கடப்பட்டார்கள். "வாசிக்கிறவங்களுக்கு அது பக்திவிருத்தியா இருக்காதேம்மா. பின்னால ஊழியத்துக்குப் போற பிள்ளைகளும் பயந்துருவாங்க."

"போற பிள்ளைகளுக்காக இல்ல ஐயா. அனுப்பிட்டு வீட்டுல இருக்கோமே, நமக்காக."

ஐயா ஜெபம் பண்ணிவிட்டுப் போனார்கள். கல் எழுத்து வெட்டாமல் ஆலயத்து மதில் ஓரம் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபை கூடித் தீர்மானிக்கப் போகிறது. அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு வருவேன். அவர்கள் பேசுவார்கள். எனக்குக் கூட்டத்தில் பேச வராது. அதனால்தான் என் பங்கை முன்கூட்டியே இதில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.